புல்லும் ஆயுதம்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. பள்ளிப் பருவத்திலிருந்தே இதனைக் கேட்டு வருகிறோம். கேட்கும்போதெல்லாம் வல்லவன் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு புல்லை மறந்துவிடுகிறோம். அவன் ஏன் புல்லை எடுத்தான்? வாள் கிட்டவில்லையா, அல்லது கிட்டியும் ஏந்த இயலாத நிலையில் இருந்தானா? அண்மையில் நம் இல்லத்துக் கூடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இக்கேள்வியை நம்முள் எழுப்பியது.

மலர்க் குழுவினர் இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பணித்தனர். கம்பனையும் இளங்கோவையும் ஆய்ந்து எழுத அறிஞர் பலர் இம்மலரில் இருக்கின்றனர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருபதாண்டுகளாய்க் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் வரும் நமக்கு அத்துணைப் புலமை இல்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக்கதை. அதிலும் ஒரு சிறு கூறு. படக்கதை நாயகனுக்குத் தனக்கென ஒரு சண்டை முறையும் உடல் திறனும் ஏன் வேண்டும், அவற்றை எங்கிருந்து எடுத்துத் தருவது என்பதே அது. சிறுபிள்ளை விளையாட்டன்றோ இது என எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நாம் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். நம் தந்தையார் 1965-இல், தம் பதினேழாம் வயதில், அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து இங்கு வந்தார். மிளகும் சுக்கும் ஏலமும் வாணிகம் செய்யும் கடை ஒன்றில் சிப்பந்தியாக அமர்ந்தார். பள்ளியில் நமக்கு மலையாளமும் ஆங்கிலமும் வாய்த்தன, தமிழ் வாய்க்கவில்லை. வீட்டில் பேசுவோம், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஊரிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வரும் தாய்மாமன் முறுக்கு டின்னோடு ஒரு கட்டுப் பழைய படக்கதை இதழ்களையும் கொண்டுவருவார். சிவகாசியில் 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸும், 1984 ஜூலையில் தோன்றிய லயன் காமிக்ஸும் அக்கட்டில் இருக்கும். நாம் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த தமிழ் எழுத்து, குத்து வாங்கிய ஒரு முரடனின் வாயிலிருந்து புறப்பட்ட ‘ஆ’ என்பதுதான். அடுத்தது ‘ஐயோ’. இவ்வாறு அடிபட்டவர்களின் ஓலத்தைப் பற்றிக்கொண்டே தமிழ் நெடுங்கணக்கில் ஏறினோம். நம்மைப் போன்று பிறமொழி மண்ணில் வளர்ந்த பலருக்கும் இவ்வனுபவம் இருக்கக்கூடும்.

அந்நாயகர்களுள் நம் நெஞ்சில் முதலிடம் பெற்றவர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் தோன்றி, முத்து காமிக்ஸின் வழியே தமிழ்ச் சிறுவர்க்கு உறவினரானவர் அவர். ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடலில் மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குப் புலப்படாதவராகிவிடுவார். அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. அம்மறைவும் சிறிது நேரமே நிலைக்கும். இதனால் அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மின்பொருத்தி எங்குள்ளது என நம் கண்கள் தேடும். கை தெரிந்துவிடுமோ, நேரம் தீர்ந்துவிடுமோ என நாம் மூச்சடக்கிப் பக்கம் புரட்டுவோம். அவர் முற்றும் மறைந்துபோகக் கூடியவராக இருந்திருந்தால் நமக்கு அஞ்ச என்ன இருந்திருக்கும்? இழந்த கையே அவருக்குப் படைக்கலம். அவரைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. ஒரு நாயகனின் திறமையை வகுப்பவர் அவன் குறையையும் உடன் வகுக்க வேண்டும் என்னும் முதற்பாடத்தை நாம் அவ்விதழ்களில்தான் கற்றோம்.

எண்ணிப் பார்க்குங்கால், இது மேனாட்டார் கண்டுபிடித்த நுட்பம் அன்று. பாரதக் கதையில் பீமனும் துரியோதனனும் ஏந்துவது ஒரே படைக்கலமாகிய கதைதான். ஆயினும் வலிமையில் பீமன் மிக்கவன், பயிற்சியில் துரியோதனன் மிக்கவன் எனக் கதை சொல்வோர் இருவரையும் பிரித்துக் காட்டிவிடுகின்றனர். தொடையில் விழும் அந்த இறுதி அடி இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. எதிர்நிற்பவரின் வலிமையில் பாதியைத் தான் பெறும் வாலியை நேர்நின்று வெல்ல இயலாமையால்தான் இராமன் மறைந்து நிற்க நேர்கிறது. அதனால் எழுந்த வழக்கு இன்னும் பட்டிமன்றங்களில் தீரவில்லை. நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கையில் வல்லயம். கருப்பசாமி கையில் அரிவாள். பெயர் எழுதாமலேயே எந்தப் பீடத்தில் நிற்பவர் யாரென்பது குழந்தைக்கும் விளங்கும்.

பிற நாயகர்களும் இவ்வாறே நம் நினைவில் நிற்கின்றனர். லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1934-இல் மாண்ட்ரேக்கையும் 1936-இல் ஃபேண்டத்தையும் படைத்தார். ஃபேண்டத்தின் குத்து பகைவனின் தாடையில் மண்டையோட்டு முத்திரையைப் பதிக்கும். மாண்ட்ரேக் கையசைவால் மயக்குவார்; அவருடைய தோழர் லோதார் தோள்வலியால் தூக்கி எறிவார்; ஒருவர் செய்வதை மற்றவர் செய்வதில்லை. லயன் காமிக்ஸின் முதல் இதழில் வந்த மாடஸ்டி, பீட்டர் ஓ’டானல் 1963-இல் படைத்த பெண்மணி. முரட்டு ஆடவரோடு வலிமையில் போட்டியிட அவர் முயல்வதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துக்கொண்டு நரம்பு கூடும் இடம் பார்த்துத் தட்டுவார். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் அறிந்தால் புன்முறுவல் செய்வர். அவருடைய தோழர் வில்லிக்கோ எறிகத்தியே துணை.

நம் கொச்சிக்கும் இதில் பங்குண்டு. எர்ணாகுளத்தைத் தாயகமாகக் கொண்ட பை நிறுவனத்தார் மலையாளத்தில் ‘பூம்பாட்ட’ இதழை நடத்தியவர்கள். அவர்களே 1984-இல் தமிழில் ‘பூந்தளிர்’ இதழைத் தொடங்கினர். வாண்டுமாமா அதன் ஆசிரியராக இருந்தார். அனந்த் பை உருவாக்கிய கபீஷ் என்னும் குரங்கை இவ்விரு மொழிச் சிறுவரும் கண்டு மகிழ்ந்தனர். கபீஷுக்கு இறக்கையில்லை, வாளில்லை. வால் மட்டும் வேண்டிய அளவு நீளும். அந்த ஒரே வாலைக் கொண்டு வேட்டைக்காரனை எத்தனை விதமாக ஏமாற்றலாம் என்பதே கதை. நம் பக்கத்து வீட்டு மலையாளச் சிறுவன் கையில் அவ்விதழும் நம் கையில் இவ்விதழும் இருக்க, இருவரும் ஒரே வாலைக் கண்டு சிரித்த நாள்கள் அவை.

இப்போது நம் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நமக்கு வாய்த்ததைப் போன்றே அவனுக்கும் பள்ளியில் தமிழ் வாய்க்கவில்லை. ஆனால் கை நன்றாக ஓடும். எப்போதும் ஏதேனும் வரைந்துகொண்டிருப்பான். சங்க ஆண்டு விழாவில் சிறுவர் ஓவியக் காட்சி உண்டென்று அறிந்ததும் தானே ஒரு படக்கதை வரையப் போவதாக அறிவித்தான். நான்கே நாளில் பன்னிரண்டு பக்கங்கள் எழுந்தன. ஆங்கிலப் பெயர் பூண்ட அவனுடைய நாயகன் பறந்தான், கண்ணால் தீயுமிழ்ந்தான், கட்டடத்தைத் தூக்கினான், பகைவர் அனைவரையும் ஒரே குத்தில் வீழ்த்தினான். படங்கள் அழகாகவே இருந்தன. நாமோ அலுவலகத்தில் குறிப்பெழுதிப் பழகியவர். எதிரியும் அதே குத்தைத்தான் விடுகிறான், முகமூடியைக் கழற்றிவிட்டால் இருவரில் யார் யாரென்பது தெரியாது, நிழலை மட்டும் வரைந்தாலும் நாயகன் இன்னாரென விளங்க வேண்டும் என்றோம்.

“சண்டைன்னா அடிக்கிறது தானேப்பா? அதுல என்ன வித்தியாசம்?” என்றான் முகம் வாடி. விடை நம்மிடம் இருப்பது போலும், ஆனால் சொல்ல வராதது போலும் இருந்தது. “ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் பிறகு குத்தம் சொல்லக்கூடாதா?” என்று நம் இல்லத்தரசியார் அடுக்களையிலிருந்து கேட்டார். அது நியாயமான கேள்வி.

அப்பொழுது அதே கூடத்தில், சன்னலோரக் கட்டிலில், நம் தந்தையார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

தந்தையார் இளமையில் ஊரில் ஆசானிடம் சிலம்பம் பயின்றவர். கொடை விழாக்களில் அவர் கம்பு சுற்றியதைக் கண்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கின்றனர். மட்டாஞ்சேரிக்கு வந்தபின் அவர் கம்பைத் தொடவில்லை. நாம் பத்து வயதில் மாயாவிக் கதைகளால் எழுச்சியுற்று, கம்பு சொல்லித் தருமாறு அவரிடம் கேட்டோம். “கம்பு சோறு போடாது. போய்ப் படி” என்றார், அத்துடன் அப்பேச்சு முடிந்தது. நாமும் படித்து, பட்டம் பெற்று, தேர்வெழுதி அலுவலகத்தில் அமர்ந்தோம். அவர் சொல் பொய்க்கவில்லை. ஆயினும் ஏதோ ஒன்றைத் தர மறுத்துவிட்டார் என்னும் குறை நம் அடிமனத்தில் இருந்தே வந்தது.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் வலுவிழந்தன, பேச்சும் குழறியது. நாளடைவில் பேச்சு ஓரளவு தெளிந்தது. காலும் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. இடக்கையில் கைத்தடி ஊன்றி நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். கைத்தடி வாங்கி வந்தோம். ஆறு திங்களாக அது மூலையில் சாய்ந்தே கிடந்தது. சுவரைப் பிடித்துக் கழிப்பறைவரை செல்வாரேயன்றித் தடியைத் தொடமாட்டார். பிடிவாதம் என்று நாம் சினந்ததுண்டு. கம்பு சுற்றிய கைக்குக் கம்பு ஊன்ற மனம் வரவில்லை என்பதை நாம் உணரவில்லை.

மகனின் வாட்டம் போக்க, அடுத்த ஞாயிறன்று அவனைக் கொச்சிக் கோட்டையில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்பெறும் களரிக் காட்சிக்கு அழைத்துச் சென்றோம். களரிப்பயிற்று படிப்படியாக ஏறும் கலை. முதலில் மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி, பின்னர் கோல்தாரி என்னும் கம்புப் பயிற்சி, அதன்பின் அங்கத்தாரி என்னும் வாள், ஈட்டி முதலிய உலோகப் படைக்கலப் பயிற்சி, இறுதியில் வெறுங்கை. ஆயுதம் ஏந்திப் பழகியவனுக்கே வெறுங்கைப் போர் கற்பிக்கப்படுகிறது என்பது நம்மை வியக்கவைத்தது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எண்வகை வடிவுகளும் உண்டு. யானை வடிவில் நிற்பவன் பாரத்தை நிலத்தில் இறக்கி நிற்கிறான். பூனை வடிவில் நிற்பவன் பாய்வதற்குப் பதுங்குகிறான். அடி விழுவதற்கு முன்பே, நிற்கும் நிலையைக் கொண்டே, இன்னது வரப்போகிறதென்று தெரிந்துவிடுகிறது. இடையில் கச்சையாகச் சுற்றியிருக்கும் உருமி என்னும் சுருள்வாள் வெளிவந்தபோது மகன் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டான். வடக்கன் பாட்டுகளில் உண்ணியார்ச்சை என்னும் வீராங்கனை நாதாபுரத்தில் வழிமறித்தவரை எதிர்த்துச் சுழற்றியது அவ்வாளைத்தான் என்று அவனுக்குக் கூறினோம்.

திரும்பும் வழியில் சவிட்டு நாடகத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. கொச்சிக் கடற்கரையின் கிறித்துவ மக்கள் வழிவழியாக நடித்துவரும் கூத்து அது. அதன் மொழி தமிழ் மிகக் கலந்த மொழி. ‘காரல்மான் சரிதம்’ என்னும் நாடகத்தைச் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழ்ப்புலவர் இயற்றினார் என்று மரபு கூறும். பிரெஞ்சு நாட்டுப் பேரரசனின் கதை தமிழ் பேசிக்கொண்டு கொச்சியில் வாள் வீசுகிறது! மரப்பலகை மேடையில் காலால் ஓங்கி மிதித்து ஆடுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. களரியிலும் இதிலும் கால்தான் முதலில் பேசுகிறது என்று மகனிடம் சொன்னோம். சொன்ன நமக்கே அதன் பொருள் அப்போது முழுதும் விளங்கவில்லை.

அன்று மாலை அவன் புதிதாக ஒரு படம் வரைந்தான். நாயகன் கையில் நீண்ட கம்பு இருந்தது. தாள் காற்றில் பறந்து கட்டிலருகே விழுந்தது. எடுக்கப் போனவனைத் தந்தையார் இடக்கையால் நிறுத்தி, படத்தைக் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார்.

“இவன் விழுந்துருவாம்லே” என்றார்.

“ஏன் தாத்தா?”

“காலு சரியில்ல. ரெண்டு காலும் ஒரே கோட்டுல நிக்கி. ஒருத்தன் தோளைத் தொட்டாப் போதும்.”

“பின்னே எங்ஙனே நிக்கணும்?” என்று தன் வழக்கமான கலப்புத் தமிழில் கேட்டான் அவன்.

தந்தையார் சற்று மௌனமாயிருந்தார். பிறகு, குழறினாலும் ஒவ்வொரு சொல்லாக, “கம்பு கையில இல்லலே. காலுல இருக்கு” என்றார்.

மகன் அழிப்பானை எடுத்துக் காலை மட்டும் அழித்து வரைந்தான். மீண்டும் காட்டினான். “இன்னும் அகலம்.” மீண்டும் அழித்தான். “முன்காலை மடக்கு. பின்காலுல கனத்தை வை.” அன்றிரவு உணவுவரை இது நடந்தது. ஆறு திங்களில் அவர் பேசிய பேச்செல்லாம் சேர்ந்தாலும் அன்று பேசிய அளவு இராது. நாம் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். நமக்கு மறுக்கப்பட்ட பாடம் அது. பொறாமை சிறிதும் எழவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது.

மறுநாளிலிருந்து பழைய நாயகன் மறைந்தான். புதியவன் ஒருவன் உருப்பெற்றான். அவனுக்கு வலக்கை எழாது. இதனை முடிவு செய்தவன் மகன்தான்; யாரிடமும் கேட்கவில்லை, தாத்தாவின் முகத்தையும் பார்க்கவில்லை. தாளில் வரைந்துகொண்டே, “இவனுக்கு இடக்கை மட்டும்தான்” என்றான். தந்தையார் மறுக்கவில்லை. “அப்போ கம்பு நீளம் கூடாது. தோள் அளவு போதும்” என்றார்.

பிறகு நாமும் கலந்துகொண்டோம். அலுவலகப் பழக்கத்தால் அந்நாயகனுக்குப் பணிவிதிகளே வகுத்தோம். வலக்கால் மெல்லத்தான் வரும். ஆதலால் யாரையும் துரத்த மாட்டான், வருபவரை நின்று ஏற்பான். பறக்க மாட்டான். நெடுநேரம் சண்டையிட்டால் களைத்துப் போவான். ஆதலால் விரைவில் முடிக்க வேண்டும். இவ்வளவு இயலாமைகளையும் எழுதிய பின், இவன் எல்லோரினும் சிறப்பாகச் செய்யக் கூடியது யாதென்னும் கேள்வி எழுந்தது. அதற்கும் தந்தையாரின் தொழிலே விடை தந்தது. மிளகு மூட்டையைப் பிரிக்காமல், குத்தூசியால் ஓரிடத்தில் குத்தி, உள்ளங்கையில் விழும் சில மணிகளைக் கொண்டே மூட்டையின் தரத்தைச் சொல்பவர் அவர். நம் நாயகனும் அப்படியே. சண்டை தொடங்கியதும் கம்பு நுனியால் எதிரியை மெல்ல ஒருமுறை தொடுவான். எதிரி எந்தக் காலில் கனத்தை வைத்திருக்கிறான், எங்கே அசைவான் என்பது அத்தொடலிலேயே தெரிந்துவிடும். அதன்பின் ஒரே ஓர் அடி, கணுக்காலில்.

‘மிளகு வீரன்’ எனப் பெயர் சூட்டினான் மகன். நாம் இப்போது அந்தப் பன்னிரண்டு பக்கத்தின் குறையை நன்கு உணர்ந்தோம். முதல் நாயகன் எங்கிருந்தும் வராதவன். ஆகவே எல்லாம் செய்தான். இவனோ ஓர் ஊரிலிருந்தும், ஒரு தொழிலிலிருந்தும், ஒரு நோயிலிருந்தும் வந்தவன். ஆகவே இவன் செய்வதை வேறெவரும் செய்ய இயலாது.

கதைக்களம் மட்டாஞ்சேரியே. பழைய கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்னும் முறை இருந்தது. கங்காணிகள் உலோகச் சில்லுகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவர். அதனைப் பற்றியவனுக்கே அன்றைய வேலை. ஒரு நாள் கூலிக்காகத் தொழிலாளர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து போராடுவர். அம்முறையை ஒழிக்கக் கோரிய கிளர்ச்சியில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். 2023-இல் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் இதனைக் காட்டியது. தந்தையார் இங்கு வருமுன்பே அம்முறை ஒழிந்துவிட்டது. ஆயினும் மண்டிகளில் மூத்த தொழிலாளர் சொல்லக் கேட்டிருக்கிறார். மகனின் கதையில் சில்லு மேலே எழுகிறது. வலியவர்கள் முட்டி மோதுகின்றனர். மிளகு வீரன் நின்ற இடத்திலேயே நின்று, கம்பு நுனியால் சில்லைத் தட்டிவிடுகிறான். அது கூட்டத்தின் விளிம்பில் நின்ற முதியவர் ஒருவரின் காலடியில் போய் விழுகிறது.

“எட்டுப் பக்கத்துல ஒரே ஒரு அடி தானா?” என்று நாமே கேட்டுவிட்டோம். மகன் சிரித்துக்கொண்டு, தான் விரும்பிப் பார்க்கும் ‘நருட்டோ’ என்னும் ஜப்பானியக் கதையில் ராக் லீ என்றொரு சிறுவன் இருப்பதாகச் சொன்னான். மற்றவர்க்கெல்லாம் மாய வித்தை வரும், அவனுக்கு வராது. ஆகவே உடற்பயிற்சி ஒன்றையே பற்றிக்கொண்டு முன்னேறுகிறானாம். “எனக்கு இது முன்னாடியே தெரியும்ப்பா. நீங்க கேட்ட விதம்தான் புரியல” என்றான். இக்காலக் கதைகளில் சரக்கில்லை என்று எண்ணியிருந்த நமக்கு அது தேவையான குட்டு.

எட்டாம் பக்கத்தில் ஓர் இடர் நேர்ந்தது. வலக்கால் வலுவற்றவன், தட்டிவிட்ட பின் எப்படித் திரும்புவான் என்பது மகனுக்கு வரைய வரவில்லை. தந்தையார் வாயால் சொல்லிப் பார்த்தார்; விளங்கவில்லை. விரலால் படுக்கை விரிப்பில் வரைந்து காட்டினார், விளங்கவில்லை. சலிப்போடு மூலையைப் பார்த்தார். “அதை எடுலே” என்றார்.

மகன் கைத்தடியை எடுத்து நீட்டினான். அவர் இடக்கையால் வாங்கி, சுவரில் முதுகை ஊன்றி எழுந்தார். நாம் பதறிப் பின்னால் நின்றோம். தடியை நிலத்தில் பதித்து, இடக்காலை ஊன்றி, வலக்காலை இழுத்து அரைவட்டமாகத் திரும்பினார். கால் தளர்ந்தது, நாம் தாங்கினோம். “விடு” என்றார். மீண்டும் ஒருமுறை திரும்பினார். இம்முறை நின்றார். மகன் நிமிர்ந்து பாராமல் வரைந்துகொண்டே இருந்தான். அவன் அவ்வாறு இருந்ததே நல்லதாயிற்று, ஏனெனில் நம் கண்கள் அப்போது காணத்தக்கனவாய் இல்லை. மறுநாள் காலை அவர் தடியுடன் வாசல்வரை வந்தார். அவ்வாரத்தில் தெருமுனைவரை சென்றார்.

உரையாடல் கூண்டுகளில் ஆங்கிலம் எழுதப் போனவன், “தாத்தா சொல்றதை இங்கிலீஷ்ல எழுதினா தாத்தா சொன்ன மாதிரி இல்ல” என்று நிறுத்திவிட்டான். நிலை, காலடி, வீச்சு, குத்தூசி என்னும் சொற்களை நாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அவன் பார்த்து எழுதினான். ‘நிலை’யில் வரும் ஐகார இணைக்கொம்பை நான்கு முறை தவறாகப் போட்டான், ஐந்தாம் முறை சரியாக வந்தது. நாம் அடிபட்டவர்களின் ஓலத்தில் தமிழ் கற்றோம். அவன் தாத்தாவின் காலடியில் தொடங்குகிறான்.

நம் சங்கத்து அன்பர்களிடம் ஒன்று கூற விழைகிறோம். நம் பிள்ளைகள் வரையும் வீரர்கள் எங்கோ வானத்திலிருந்து வருகின்றனர் என வருந்துகிறோம். நம் வீட்டு முதியோரின் கையும் காலும் என்னென்ன அறிந்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? நெசவு அறிந்த கை, படகு தள்ளிய தோள், மாவாட்டிய மணிக்கட்டு என ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு திறன் பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும். கேட்பதற்கு ஒரு வெள்ளைத்தாளும் கரிக்கோலும் போதும்.

ஓவியக் காட்சி நாளன்று தந்தையார் தாமும் வருவதாகச் சொன்னார். மன்றத்தின் படியேறும்போது, அவரோடு ஒரே மண்டியில் பணியாற்றிய பழைய நண்பர் ஒருவர் கண்டு, “என்ன அண்ணாச்சி, கையில கம்பு?” என்று கேட்டார். நாம் உள்ளூர அஞ்சினோம். தந்தையார் நின்று, தடியை ஒருமுறை பார்த்து, பின்பு அவரைப் பார்த்தார்.

“ஊனுறதுக்கு இல்ல. பேரனுக்கு நிலை காட்டுறதுக்கு” என்றார்.